உருட்டி உருட்டிச் சாணை பிடித்தும் கத்தி வழுக்குகிறதே?

கேள்வி: காந்தக் கட்டையோடு வரும் உருளைச் சாணை வாங்கினேன். 15 டிகிரி பக்கத்தில் கத்தியை ஒட்டி, இருபுறமும் ஐந்து ஐந்து நிமிடம் உருட்டினேன். பளபளவென்று ஆகிவிட்டது, ஆனால் தக்காளித் தோலில் இன்னும் வழுக்குகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு கருவியில் இல்லை. பளபளக்கிற இடம் கத்தியின் வாய் இல்லை, வாயை ஒட்டிய சரிவின் மேடு. உங்கள் கத்தி ஏற்கெனவே 20 டிகிரி வாக்கில் தீட்டப்பட்டிருந்தால், 15 டிகிரியில் உருட்டும்போது உருளையின் முனையிலுள்ள தேய்க்கும் வட்டு முதலில் அந்த மேட்டைத்தான் தேய்க்கும். அது கரையும்வரை வாயைத் தொடவே தொடாது.

வாயோரம் முழுக்க மார்க்கரால் கறுப்படித்து, நாலைந்து தரம் உருட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். வாயின் நுனியில் மெல்லிய கறுப்புக் கோடு மிஞ்சினால் கோணம் பொருந்தவில்லை. கட்டையை 20 டிகிரிப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அன்றாடச் சமையலுக்கு அது தாராளம், கூரும் கூடுதல் நாள் நிற்கும்.

நிமிடக் கணக்கை விடுங்கள், பிசிறைத் தேடுங்கள் (வாய்வரை தேய்ந்ததும் மறுபுறம் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக விளிம்புதான் பிசிறு). டைமண்ட் வட்டால் ஒரு புறம் மட்டும் உருட்டுங்கள். அழுத்த வேண்டாம், உருளையின் எடையே போதும். அவ்வப்போது மறுபுறத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக வெளியே இழுத்துப் பாருங்கள் (வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம்). சொரசொரவென்று தட்டுப்பட்டால் பிசிறு வந்துவிட்டது. பெரும்பாலும் நடுவில் முதலில் வரும். பிடியோரமும் முனையும் பின்தங்கும், அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் உருட்டுங்கள். முனையில் பாதி வட்டு இருக்கும்போதே நிறுத்துங்கள். தாண்டி வழுக்கினால் முனை உருண்டுவிடும்.

நீளம் முழுக்கப் பிசிறு தெரிந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். அந்தப் புறமும் முடிந்தால் உருளையின் மறுமுனையிலுள்ள மழமழப்பு வட்டுக்கு மாறி, பக்கம் மாற்றி மாற்றி லேசாக உருட்டுங்கள். பிசிறு உதிராமல் நின்றால், முதல் வெட்டில் கூராகத் தெரிந்து மறுநாளே மழுங்கும்.

சின்னக் கத்தியில் வட்டு கட்டையில் இடிக்கும். முதுகுக்கு அடியில் மட்டமான பலகைத் துண்டு வையுங்கள். அகலக் கத்திக்கு நேர்மாறு, உருளைக்கு அடியில் பலகை. தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளை டேப்பால் ஒற்றி எடுங்கள், இல்லையேல் கத்தியின் பக்கவாட்டில் கீறல் விழும். சமைக்குமுன் கத்தியைக் கழுவிவிடுங்கள்.

ரம்பப்பல் கத்திக்கு இது ஆகாது. வாயில் கண்ணுக்குத் தெரியும் பொக்கை விழுந்திருந்தால் முதலில் சொரசொரப்பான சாணைக்கல்லில் கொடுங்கள். உருளையில் அதைச் சரிசெய்வதற்குள் கை ஓய்ந்துவிடும்.