கடைசி நாளில் கடலில் இறங்க வேண்டாம்

வாசகர் கேள்விகள்: வெளிநாட்டு ஸ்கூபா பயணம்

கேள்வி: நானும் கணவரும் இரண்டு மாதம் கழித்து ஆறு நாள் பயணமாக வெளிநாடு போகிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியும், முதுகில் காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபா புதிது. அங்கேயே தொடக்கநிலைப் பயிற்சியான ஓபன் வாட்டர் கோர்ஸை முடித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் டைவ் செய்ய ஆசை. ஆறாம் நாள் காலை 8 மணிக்குத் திரும்பும் விமானம். ஐந்து நாளும் கடலில் இருக்கலாம்தானே?

பதில்: இருக்க முடியாது. ஐந்தாம் நாளை இப்போதே கழித்துவிடுங்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு உள்ளே போகும் காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. நீங்கள் மேலே வந்த பிறகும் அது முழுவதும் வெளியேற நேரம் பிடிக்கும். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமோ ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் நிற்பதற்குச் சமம். அவசரப்பட்டு ஏறினால் மிச்சமுள்ள வாயு குமிழாகி, மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு பாதிப்பு வரை போகலாம். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவர்களுக்கான பொதுவான பரிந்துரை. நான் 24 மணி நேரம் விட்டுவிடுவேன். அந்தக் கடைசி நாளில் மலைப்பாதையில் கார் எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள், உயரம் உயரம்தான்.

அப்புறம் கோர்ஸ். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் கிளம்புவதற்கு முன்பே ஊரில் முடித்து, இதுவரை முடித்ததற்குச் சான்றான ரெஃபரல் படிவம் வாங்கிக்கொண்டு போனால், அங்கே நான்கு கடல் டைவ்கள்தான் பாக்கி, இரண்டு நாளில் முடிந்துவிடும். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மேல் விளிம்பை விரலால் நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சி இருக்கிறது பாருங்கள், நிறையப் பேர் அதில்தான் பதறுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறியதும் எழுந்து நிற்கத் தோன்றும். குளத்தில் எழுந்து நிற்கலாம், கடலில் தரை கிடையாது. அந்தப் பதற்றம் போகும்வரை குளத்திலேயே பத்துத் தடவையாவது செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, இப்போது தொந்தரவு இல்லை. டைவ் செய்வதற்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, நீங்கள் மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் எங்காவது சுருங்கி அந்தக் காற்று மாட்டிக்கொண்டால் நுரையீரலே கிழியலாம். ஆஸ்துமா இருந்தவர்கள் எல்லாருமே டைவ் செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை, பரிசோதனை செய்து மருத்துவர் அனுமதித்துப் பலர் நன்றாகவே டைவ் செய்கிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே படிவத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், கையெழுத்து வாங்கிய தாளைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டு, கையில் மருத்துவர் கடிதம் இல்லாமல் போய் நின்றால் அங்கே படகில் ஏற்ற மறுத்துவிடலாம். பொய் சொல்லி ஏறிவிட்டாலும், ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் பணம் வராமல் போகலாம்.

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சேராது, சேர்த்தாலும் இத்தனை மீட்டர் வரைதான் என்று இருக்கும். குமிழைக் கரைக்க அழுத்தம் ஏற்றிய அறையில் தரும் சிகிச்சைக்கும் அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டு போவதற்கும் பணம் தருவார்களா என்று தேடிப் படியுங்கள். அந்த இரண்டும்தான் பெரிய செலவு.

கேள்வி: லேசான சளிதான். மாத்திரை போட்டுக்கொண்டு, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு இறங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அடைப்பான் காதுத் துளையில் காற்றைச் சிறைபிடித்துவிடும், ஆழம் போகப் போக வெளி அழுத்தம் அந்த அடைப்பானையே செவிப்பறையை நோக்கி உள்ளே தள்ளும். மாத்திரையின் வேகம் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டால், மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. கீழே போகும்போது அடைத்தால் திரும்பி வந்துவிடலாம், மேலே வரும்போது அடைத்தால் என்ன செய்வீர்கள்? காற்று தீர்வதற்குள் வந்தே ஆக வேண்டுமே.

முதல் முறை கடலில் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது மூன்று மீட்டரில் என் இடது காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. கூட வந்தவர்கள் கீழே போகிறார்களே என்று நானும் இறங்கினேன், வலி ஊசியாக மாறியது. பயிற்சியாளர் பார்த்துவிட்டு என்னை ஒரு மீட்டர் மேலே இழுத்தார். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியதும் ‘டிக்’ என்று திறந்தது. தலை தண்ணீருக்குள் போவதற்கு முன்பே ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை, வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும் என்று அன்றைக்குத்தான் உடம்பு கற்றுக்கொண்டது. முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, அதனால் ஆழம் குறைந்த இடத்தில்தான் காதுக்குத் தொல்லை அதிகம். சளி இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். பணம் போகும், போகட்டும்.

கேள்வி: என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: மாஸ்க் மட்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க்கே கிடைக்கும். மற்றதெல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். மணிக்கட்டில் கட்டும், ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தால் பயணம் முழுக்க அதே கருவியை நீங்களே கட்டுங்கள், கணவன் மனைவியானாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது. அது கணக்கு வைத்திருப்பது உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜனை. டார்ச்சுக்கான உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

கேள்வி: மாந்தா திருக்கை பார்க்க வேண்டும். எப்போது, எங்கே?

பதில்: மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை கூட்டமாக வரும். ஆனால் அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, மூச்சுக்குழலோடு மேல்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும்தான். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் என்றால் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுவார்கள். ஆகவே முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் விலையைப் பார்க்கலாம்.