குடும்ப வன்முறை வழக்கில் எதிர்மனுதாரராக நிற்பவர்களுக்கு: கேள்வி பதில்

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் குடும்ப நல கோர்ட்டுக்குமாகப் பதினெட்டு வருஷமாக அலைகிறேன். மனைவிக்காகவும் நின்றிருக்கிறேன், கணவனுக்காகவும் நின்றிருக்கிறேன். இந்தத் தடவை வழக்கு பாய்ந்தவர்கள் பக்கத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், உங்கள் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்க்கிற வக்கீல் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சார், டி.வி. ஆக்டில், அதாவது குடும்ப வன்முறைச் சட்டத்தில், நோட்டீஸ் வந்தது. போனால் அங்கேயே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நண்பர் சொன்னதால் முதல் வாய்தாவுக்குப் போகவில்லை. இப்போது என்ன செய்வது?

அந்த நண்பரிடம் இனிமேல் எதையும் கேட்காதீர்கள். 2005-ஆம் வருஷச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனு கிரிமினல் கோர்ட்டில் நடந்தாலும் அடிப்படையில் சிவில் தன்மை கொண்டது. பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, பணம், குழந்தை, நஷ்டஈடு, இவ்வளவுதான் அதில் கேட்க முடியும். நீங்கள் அதில் குற்றவாளி இல்லை, எதிர்மனுதாரர். வக்கீல் ஒழுங்காக ஆஜரானால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் நேரில் வந்து நிற்கச் சாதாரணமாக வற்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

ஆபத்து போகாமல் இருப்பதில்தான். 23-ஆம் பிரிவில் நீங்கள் இல்லாமலேயே இடைக்கால உத்தரவு போடலாம், மாசம் இவ்வளவு கட்டு என்று. உடனே வக்காலத்து போடுங்கள், மனு நகல் வாங்குங்கள். எதிராக உத்தரவு ஆகியிருந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள்தான்.

மகளிர் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, 498ஏ போடப்போகிறோம் என்கிறார்கள். தலைமறைவாக இருக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. 498ஏ வேறு, டி.வி. மனு வேறு. 498ஏ என்பது கணவனோ அவன் வீட்டாரோ மனைவியைக் கொடுமை செய்வதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு, இது உண்மையிலேயே கிரிமினல். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடந்ததற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு வரும். மூன்று வருஷம் வரை தண்டனை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டதும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸ் வந்தால் போங்கள், ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்குங்கள். நோட்டீஸுக்கு ஒத்துழைக்காமல் ஓடினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி எறிகிறீர்கள். கைது பயம் நிஜமாக இருந்தால் முன்ஜாமீன் போட்டுவிடுங்கள். ஸ்டேஷனில் வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

வக்கீல் எதிருரையில் எல்லாவற்றையும் "மறுக்கிறோம்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். போதுமா?

போதாது, அது சோம்பேறித்தனம். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தனியாகப் பதில் வேண்டும், எது நடந்தது, எது நடக்கவில்லை, நடந்ததில் எது திரிக்கப்பட்டிருக்கிறது என்று. என்னிடம் வந்த ஒரு வழக்குக் கட்டில், ஆடிப் பெருக்கு அன்று ராத்திரி குடித்துவிட்டு வந்து அடித்தார் என்று ஒரு பத்தி. இவர் அன்று ஓசூரில் நைட் ஷிஃப்டில் இருந்திருக்கிறார், அதை எனக்கே மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். கம்பெனி கைரேகைப் பதிவின் நகலும் அன்றைக்கு ராத்திரி கேன்டீனில் டோக்கன் போட்ட கணக்கும் வாங்கித் தாக்கல் செய்தோம். குறுக்கு விசாரணையில் நான் அந்த அம்மாவிடம் குரலை உயர்த்தவே இல்லை, "அன்றைக்குத்தானே?" என்று தேதியை மட்டும் இரண்டு தடவை கேட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரிப் பதிவுகளைக் கம்பெனிகள் ரொம்ப நாள் வைத்திருக்காது, சிசிடிவி இன்னும் சீக்கிரம் அழியும். நோட்டீஸ் வந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் செல்லுமா? அவள் பேசியதை ரெக்கார்டும் செய்து வைத்திருக்கிறேன்.

வெறும் பிரிண்ட் அவுட்டைக் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபணை போடும். புதிய சாட்சியச் சட்டம் 63(4)-இல் சொன்ன சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட வேண்டும், நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதியும் உண்டு. பழைய போனை விற்றுவிடாதீர்கள். தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்ததையும் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒன்று, முழு உரையாடலையும் கொடுங்கள். அவர் கத்துகிற முப்பது விநாடியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், அதற்கு முன் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அவர் போனிலிருந்து வரும். அப்புறம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சம் கட்ட வேண்டாம் என்கிறார்களே?

இந்த யோசனையோடு மாசத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அதாவது 2020 நவம்பர் முதல், இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றுக்கும் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். அதில் பொய் எழுதினால் அது தனி வம்பு. வழக்கு வந்த மாதமே ராஜினாமா செய்தவரை எந்த மாஜிஸ்திரேட்டும் நம்ப மாட்டார், உடம்பும் படிப்பும் இருக்கிறதே, சம்பாதிக்கலாமே என்றுதான் கேட்பார். பதிலாக, உண்மையான சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் தவணை, அம்மாவின் டயாலிசிஸ் பில், மனைவி வேலைக்குப் போனால் அதற்கான ஆதாரம், எல்லாவற்றையும் வைத்துத் தொகையைக் குறைக்கப் பேசுங்கள். வேறு கோர்ட்டில் ஏற்கெனவே ஜீவனாம்சம் கட்டினால் அதைக் கழித்துக்கொள்ளவும் அதே தீர்ப்பில் வழி இருக்கிறது.

வீடு மாமனாராகிய என் பெயரில். மருமகள் காலி செய்ய மறுக்கிறாள். கோட்டாட்சியரிடம் மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு போட்டால் வெளியேற்றலாமா?

ஐயா, மாமியார் மாமனார் வீட்டில் மருமகள் குடியிருக்கும் உரிமை கேட்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006 பத்ரா தீர்ப்பை நம்பி இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் போய்விட்டது. மகனும் மருமகளும் குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அது கூட்டுக் குடியிருப்பாகலாம், அதாவது மருமகளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை வரலாம். மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்து அந்த உரிமையை நேராகத் தட்டிவிட முடியாது என்று அதே வருஷம் வனிதா வழக்கிலும் சொல்லிவிட்டார்கள். அதற்காக அது சாகும்வரை அசைக்க முடியாத உரிமையும் இல்லை. அதே தரத்தில் வேறு வீடு அல்லது வாடகை தருகிறோம் என்று மகனை மனு போடச் சொல்லுங்கள், அதுதான் நடக்கிற வழி. பூட்டை மாற்றுவது, கரண்டைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம், வழக்குக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும்.

கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவையும் சேர்த்துவிட்டார்கள்.

தேதி, இடம், செயல் எதுவும் இல்லாமல் "எல்லோரும் கொடுமை செய்தார்கள்" என்று மட்டும் இருந்தால் வெளியே வர நல்ல வாய்ப்பு உண்டு. 498ஏ-யில் உச்ச நீதிமன்றத்தின் 2022 கஹ்கஷான் கௌசர் தீர்ப்பு இதற்கென்றே இருப்பது போல. டி.வி. மனுவில் முதலில் மாஜிஸ்திரேட்டிடமே பெயரை நீக்கக் கேளுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அப்பட்டமான அநியாயம் தெரிந்தால்தான் தலையிடுவார்கள்.

பிரிந்து நாலு வருஷம் கழித்து மனு போட்டிருக்கிறாள். காலாவதி என்று சொல்லலாமா?

சொல்லிப் பிரயோஜனமில்லை. 12-ஆம் பிரிவு மனுவுக்குக் காலவரம்பு பொருந்தாது என்பது, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன காமாட்சி வழக்கில் 2022-இல் முடிந்த விஷயம்.

நகை எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. பேரம் பேசும்போது உதவும் என்று வைத்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுங்கள். அடகில் இருந்தால் மீட்டுக் கொடுங்கள். எடை போட்டு, போட்டோ எடுத்து, பட்டியலோடு கோர்ட்டில் மெமோ போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். சீதனம் அவருடைய சொத்து, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் யோக்கியன் என்று வாதாட எனக்கே வாய் வராது.

மறைக்காமல் கேட்கிறேன். இரண்டு தடவை கை நீட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி சீட்டு இருக்கிறது. மற்றபடி மனுவில் உள்ள வரதட்சிணைக் கதை பொய். எப்படி டிஃபென்ஸ் எடுப்பது?

எனக்கு வந்த நாற்பது கேள்வியில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. நடந்ததை மறுக்காதீர்கள், உங்கள் வக்கீலிடம் அப்படியே சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு அவர்கள் உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அந்த ஒரு பொய்யில், வரதட்சிணை பற்றி நீங்கள் சொல்லும் உண்மையும் சேர்ந்து போய்விடும். டி.வி. மனுவில் பாதுகாப்பு உத்தரவை எதிர்க்காமல் ஒத்துக்கொண்டு, தொகையிலும் பொய்யான பகுதியிலும் மட்டும் வாதாடுவது நேர்மையும்கூட, பலனும் உண்டு. ஆனால் 498ஏ-யும் இருந்தால் எதை, எப்போது, எப்படி எழுத்தில் கொடுப்பது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும், நீங்களாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்காதீர்கள். சமாதானம் என்று அவரை நேரில் பார்க்கப் போக வேண்டாம். பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டால் அதை மீறுவதுதான் குற்றம், ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு, அதற்குக் கைதும் செய்யலாம். குழந்தையின் பிறந்தநாளுக்கு மெசேஜ் போடத் தோன்றினாலும் உத்தரவில் தொடர்புக்குத் தடை இருக்கிறதா என்று படித்துவிட்டு, இருந்தால் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்டு 21-ஆம் பிரிவில் மனு போடுங்கள்.