“இப்போ வலிக்குதா?” என்று டாக்டர் கேட்டால்

கேள்வி: எனக்கு வயது 69. டிமென்ஷியாவின் ஆரம்பக் கட்டம் என்று போன வருடம் சொன்னார்கள். இரண்டு முழங்காலும் வலிக்கிறது. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எப்போதிலிருந்து, எவ்வளவு என்று சொல்ல வருவதில்லை. அவரும் மகளிடமே பேசி, “வயசானா அப்படித்தான்” என்று அனுப்பிவிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்களுடையது மூட்டுத் தேய்மானமாக இருந்தால், வலி எழும்போதும் படி ஏறும்போதும் வரும், உட்கார்ந்தால் அடங்கும். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போகிறீர்கள். “இப்போ வலிக்குதா?” என்று கேட்கிறார். “இல்லை” என்கிறீர்கள். அது உண்மைதான், ஆனால் வலியே இல்லை என்று அவர் எழுதிக்கொள்வார். அதனால் அடுத்த முறை, “உட்கார்ந்தால் இல்லை டாக்டர், எழுந்து நடக்கிறேன், பாருங்கள்” என்று சொல்லுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நாலு அடி நடங்கள். இதற்கு ஞாபகசக்தி தேவையில்லை.

“எப்போதிலிருந்து” என்ற கேள்விக்கு ஒரு தாள் போதும். போவதற்கு முந்தைய மூன்று நாட்கள், வலி வரும் அந்த நேரத்திலேயே எழுதுங்கள்: “காலை, கட்டிலில் இருந்து எழும்போது. வலது முட்டி, உள்பக்கம். பத்து நிமிடம் விறைப்பு.” இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் முக்கியம். விறைப்பு அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் நீடித்தால் முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சியா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், மகள். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், மகள் சற்றுப் பின்னால் இருக்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் டாக்டரின் பார்வை யார் பக்கம் போகிறது என்பதை இது மாற்றும். உள்ளே போனதும், “என்னிடமே கேளுங்கள், ஒவ்வொரு கேள்வியாக. விட்டதை மகள் சொல்வாள்” என்று சொல்லிவிடுங்கள். மூளை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். முழங்காலுக்கு முதலில் மேலே தடவும் வலி ஜெல்லைக் கேட்டுப் பாருங்கள். மாத்திரையாக விழுங்கினால் சேரும் அளவுக்கு மருந்து இதில் ரத்தத்தில் சேராது. பாராசிட்டமால் எழுதினால், “வலித்தால் போடுங்கள்” என்பது உங்களுக்குச் சரிவராது, போட்டோமா இல்லையா என்ற குழப்பம் வரும். மணிப்படி, மாத்திரை டப்பாவில் பிரித்துவைத்துப் போடலாமா என்று கேளுங்கள். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஞாபகத்துக்கு டொனெபெசில் சாப்பிடுகிறீர்கள் என்றால் அவசியம் சொல்லுங்கள். அதோடு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், அமிட்ரிப்டிலின் போன்றவை சிலருக்குக் குழப்பத்தை அதிகமாக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு முடிவு செய்யுங்கள்.

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் நீண்ட நாளைக்குக் கைகொடுக்கும். பிசியோதெரபிஸ்ட்டிடம் படம் போட்டுத் தரச் சொல்லி, தினமும் பல் தேய்த்த கையோடு செய்யுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. பின்னாளில் பேச்சு குறையும்போது வலி முகச்சுளிப்பாக, முனகலாக, தொட்டால் தட்டிவிடும் கையாகத் தெரியும். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் டிமென்ஷியா முற்றிய 352 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. எட்டு வாரம் முறையாக வலிக்கு மருந்து கொடுத்ததிலேயே அவர்களின் கோபமும் அமைதியின்மையும் குறைந்தன. கோபம் வந்தால், வலிக்கிறதா என்றும் பாருங்கள்.

“வயசானா அப்படித்தான்” என்று மறுபடியும் சொன்னால், “சரி டாக்டர், வலி குறைய என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடினாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.