சுண்டைக்காயும் சுமைகூலியும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் நாங்கள் ஐந்து நண்பர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் பார்ப்பது வழக்கம். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளிப் படத்தை மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டோம். நான்கு முறையும் கடைசிக் காட்சிக்கு என்ன பொருள் என்று சண்டை போட்டுக்கொண்டே படி இறங்கினோம். அந்தப் படம் உருவானது குறித்து ஜெரோம் ஏஜல் 1970இல் தொகுத்த 'தி மேக்கிங் ஆஃப் குப்ரிக்ஸ் 2001' நூலின் பழைய பிரதி அமெரிக்காவில் ஒரு கடையில் இருக்கிறது. விலை 18 டாலர். திருச்சிக்கு அனுப்ப 34 டாலர்.

எங்களில் ஒருவர் வங்கியில் இருக்கிறார். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லி எழுந்தே போய்விட்டார். இன்னொருவர் ஸ்கேன் செய்த கோப்பைத் தேடலாம் என்கிறார். மூன்றாமவருக்கு நியூ ஜெர்சியில் அண்ணன் இருக்கிறார். நான்காமவரோ, இவ்வளவு செலவழிப்பதென்றால் இதே படத்தைப் பற்றி டாஷன் பதிப்பகம் வெளியிட்ட பெரிய படப் புத்தகத்தையே வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. வாங்கலாமா?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

வாங்குங்கள்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எழுந்து போன வங்கி நண்பருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே பழமொழியைச் சொல்லி ஒரு புத்தகத்தைக் கைவிட்டவன் நான். அதுவும் இதே படத்தைப் பற்றிய புத்தகம்தான். படத்தின் தொடக்கத்தில் எலும்பைக் கையில் எடுத்து, அதை என்ன செய்யலாம் என்று மெதுவாகக் கண்டுபிடிக்கும் அந்தக் குரங்கு மனிதனாக நடித்தவர் டான் ரிக்டர். மைம் கலைஞர். அந்த வேடத்துக்காகத் தான் பட்ட பாட்டையெல்லாம் நாட்குறிப்பு வடிவில் எழுதி 2002இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஒரு கடையின் பட்டியலில் அதைப் பார்த்தேன். புத்தக விலையும் தபால் செலவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடினேன். அடுத்த மாதம் வீட்டில் வேறு செலவு. அதற்கடுத்த ஆண்டு அந்தக் கடையில் அது இல்லை. இன்றுவரை அந்தப் புத்தகத்தை என் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

பழமொழியில் பிழை இல்லை. சுண்டைக்காய் வேலியோரம் காய்க்கிற பொருள். அதை வெளியூரிலிருந்து கூலி கொடுத்துத் தூக்கி வருகிறவன் முட்டாள்தான். ஆனால் பறிக்கக்கூடிய தூரத்தில் வேலியே இல்லாத சரக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்று சொல்கிறேன், நண்பரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: பழமொழியின் கணக்கு ஒன்றுக்கு மூன்று. உங்களுடையது ஒன்றுக்கு இரண்டுகூட இல்லை. வங்கிக்காரர் கவனித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் மேல் கோபப்பட்டும் பயனில்லை. அந்த 34 டாலரில் அவருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து புத்தகங்கள் கப்பலில் வந்தன. 2005இல் எனக்கு வந்த கடைசிக் கப்பல் பொட்டலம் பதினோரு வாரம் பயணம் செய்தது. காக்கித் தாளின் ஒரு மூலை நைந்து, சுங்கத்தார் பிரித்துப் பார்த்து மறுபடி சணல் கட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று புத்தகங்கள், மூன்றிலும் ஒரு கிடங்கு வாசனை. செலவு மிகச் சொற்பம். 2007 மே மாதம் அமெரிக்கத் தபால் துறை வெளிநாடுகளுக்கான தரைவழி, கப்பல்வழித் தபாலை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து அங்கிருந்து தபாலில் கிளம்பும் எந்தப் புத்தகமும் விமானத்தில்தான் ஏற வேண்டும். பழைய புத்தகக் கடைக்காரருக்கு வேறு வழியில்லை.

நடுவில் சில ஆண்டுகள் நம்மைக் கெடுத்து வைத்தது பிரிட்டனின் புக் டெப்பாசிட்டரி. 2004இல் தொடங்கிய கடை. உலகின் பல நாடுகளுக்கு அனுப்பும் செலவே இல்லை என்றார்கள். அந்தச் செலவு புத்தக விலைக்குள் ஒளிந்திருந்தது என்பது தெரிந்தும் நாம் மகிழ்ச்சியாக ஏமாந்தோம். 2011இல் அதை அமேசான் வாங்கியது, 2023 ஏப்ரல் 26 அன்று மூடியது. அந்தப் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. தபால் செலவு தனி வரியாகக் கண்ணில் பட்டாலே யாரோ பையில் கைவிட்டதுபோல் இருக்கிறது.

இந்தப் பக்கத்திலும் ஒரு செலவு உண்டு. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்க வரி விதித்தார்கள். வரி பெரிதில்லை. ஒருமுறை ஒரு கூரியர் நிறுவனம் அந்த வரியை எனக்காகக் கட்டிய சேவைக்கென்று வாசலில் நின்று கேட்ட கட்டணம், வரியைப் போல நான்கு மடங்கு. புத்தகம் அந்த இளைஞர் கையில் இருந்தது. கொடுத்துவிட்டேன். அதனால் சொல்கிறேன், கூரியரா தபாலா என்று கடைக்காரரிடம் கேட்டு, தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது டாஷன் நண்பர். அந்தப் பெரிய புத்தகம் பியர்ஸ் பிசோனி எழுதியது. 2014இல் 1,500 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர்கள் அதைப் படத்தில் வரும் கறுப்புக் கல்லைப் போலவே ஒல்லியாக, நெட்டையாக, கறுப்பாகச் செய்தார்கள். மறு ஆண்டு பொதுப் பதிப்பு ஒன்றும் வந்தது. அழகான பொருள்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூரியர்காரர்களிடம் 'கன அளவு எடை' என்று ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். அந்த எடையும் தராசு காட்டும் எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 45, 30, 15 என்று ஒரு பெட்டி இருந்தால் உள்ளே பஞ்சு இருந்தாலும் நான்கு கிலோ. பெரிய படப் புத்தகத்தை மூலை நசுங்காமல் அனுப்ப, சுற்றிலும் காற்றடைத்த உறைகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். அந்தக் காற்றுக்கும் சேர்த்து நீங்கள் கூலி கொடுப்பீர்கள்.

எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. குப்ரிக்கோடு சேர்ந்து படத்தின் கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், வேற்றுலகத்தார் செய்து வைத்த அந்தக் கறுப்புக் கல்லுக்குத் தன் நாவலில் தந்த விகிதம் 1:4:9. முதல் மூன்று எண்களின் வர்க்கங்கள். 5 சென்டிமீட்டர் தடிமன், 20 அகலம், 45 உயரம் என்று ஒரு பெட்டி செய்து கூரியர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 900 கிராம்தான் வருகிறது. வேற்றுலகத்தார் எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஏஜலின் புத்தகம் வேறு சாதி. சட்டைப் பையில் திணிக்கக்கூடிய, சிக்னெட் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பு. நடுவில் 96 பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். படம் வெளியானது 1968 ஏப்ரலில். முதல் காட்சிகளில் ஆட்கள் எழுந்து போனார்கள், குப்ரிக் உட்கார்ந்து 19 நிமிடங்களை வெட்டினார், விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் இரண்டே ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட நூல் இது. யாரும் இன்னும் இந்தப் படத்தைக் காவியமாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. புகழ்ந்த விமர்சனமும் கிழித்த விமர்சனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். படத்தின் முன்னுரையாக வைக்க எண்ணிப் பிறகு கைவிட்ட அறிவியல் அறிஞர்களின் நேர்காணல் பகுதிகள் இருக்கும். எடையற்ற நிலையில் கழிப்பறையைப் பயன்படுத்தும் விதிமுறைகள் அடங்கிய, படத்தில் வரும் அந்தப் பலகை இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதங்கள். பார்வையாளர்கள் குப்ரிக்குக்கு எழுதியவை. பரவசமும் உண்டு, வசவும் உண்டு. பதினைந்து வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி படத்தின் பொருள் குறித்துத் தனக்காக எழுதி வைத்த குறிப்புகளை ஏஜல் முழுதாகச் சேர்த்திருக்கிறார். தான் படித்தவற்றிலேயே மிகக் கூர்மையானவற்றுள் ஒன்று என்று குப்ரிக் அதை மெச்சினார். அந்தப் பெண்ணும் நியூ ஜெர்சிக்காரிதான். நான்கு முறை படி இறங்கிச் சண்டை போட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. ஐந்தாவது சண்டையில் அவளும் சேர்ந்துகொள்வாள்.

படம் உருவான கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டுமானால் மைக்கேல் பென்சன் 2018இல் எழுதிய 'ஸ்பேஸ் ஒடிசி' இருக்கிறது. ஏறக்குறைய 500 பக்கம், நல்ல உழைப்பு. மின்னூலாகவும் வந்திருக்கிறது. அதற்குச் சுமைகூலி கொடுக்க வேண்டாம். பழமொழி அங்கே செல்லும்.

ஸ்கேன் நண்பருக்கு நான் அறவுரை சொல்லப் போவதில்லை. என் புத்தகங்களின் ஸ்கேன் கோப்புகளே ஊரெல்லாம் சுற்றுகின்றன, அதைப் பற்றி ஒருநாள் தனியாகத் திட்டுகிறேன். ஒரு நடைமுறைச் செய்தி மட்டும். 1970இன் மலிவுத் தாளில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் விண்கலம் எது, அச்சு மை எது என்று பிரிக்க முடியாது. அந்த 96 பக்கங்களும் கரியாகிவிடும்.

நியூ ஜெர்சி அண்ணன் யோசனை உண்மையிலேயே நல்லது. அமெரிக்காவுக்குள் புத்தகம் அனுப்ப 'மீடியா மெயில்' என்ற சலுகைத் தபால் உண்டு. 1938இல் ரூஸ்வெல்ட் காலத்தில் புத்தகங்களுக்காக வந்த கட்டணத்தின் வாரிசு அது. சில டாலரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். அதன் பிறகுதான் சிக்கல். ஊருக்கு வருகிறவரின் இரண்டு பெட்டிகளில் ஒவ்வொன்றும் 23 கிலோ. அதில் சாக்லேட்டுக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் அத்தை கேட்ட முழங்கால் பட்டைக்கும் முன்பதிவு முடிந்திருக்கும். இருந்தாலும் இது பையளவுப் புத்தகம், அண்ணனின் மேல்சட்டைப் பையிலேயே வரும். அவர் எப்போது வருகிறார் என்று கேளுங்கள். இந்தப் பொங்கலுக்கென்றால் காத்திருங்கள். "பார்க்கலாம்" என்றால் காத்திருக்காதீர்கள். அந்தச் சொல்லில்தான் என் ரிக்டர் போனார்.

எதிர்த்திசையில் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து தமிழ்ப் புத்தகம் கேட்டு எழுதுகிறவர்கள் உங்களைவிடக் கூடுதலாகக் கொடுத்துப் பழகியவர்கள். 2025 ஆகஸ்டில், புதிய அமெரிக்கச் சுங்க விதிகளால், நம் தபால் துறை அந்த நாட்டுக்குப் பொட்டலம் ஏற்பதையே நிறுத்தி அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அந்த வாரங்களில் வந்த கடிதங்களில் விலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கிளார்க்கின் தந்திதான் நினைவுக்கு வந்தது. 1956 முதல் அவர் இலங்கையில் குடியிருந்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் மைக் வில்சன் திருகோணமலையில் சுவாமிமலை என்ற கடலோரப் பாறைக்கடியில் கடலில் மூழ்கி, கோணேசர் கோவிலின் இடிபாடுகளைக் கண்டார். வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி ஆகிவிட்டார், அது தனிக் கதை. 1964இல் நியூயார்க்கிலிருந்து இலங்கைக்கு ஒரு தந்தி போனது. குப்ரிக் வேற்றுலக உயிர்களைப் பற்றிப் படம் எடுக்க விரும்புகிறார், உங்களுக்கு ஆர்வம் உண்டா, நீங்கள் துறவிபோல வாழ்பவர் என்று நினைக்கிறார் என்ற பொருளில். கிளார்க் ஆர்வம் உண்டு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தந்திக்குச் சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு. ஆனாலும் நான் துறவி என்று அவருக்கு யார் சொன்னது என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்பினார். ஏப்ரல் 22 அன்று இருவரும் நியூயார்க் உணவகம் ஒன்றில் சந்தித்தார்கள்.

ஐந்தால் வகுத்தால் தலைக்குப் பத்து டாலர் சொச்சம். வங்கி நண்பர் தன் பங்கைத் தர மறுத்தால் அதை நான் தருகிறேன். பதிலுக்கு ஒரு நிபந்தனை. நீங்கள் ஐவரும் படித்து முடித்த பிறகு புத்தகம் ஒரு மாதம் என்னிடம் இருக்க வேண்டும். 2025 மே முதல் நம் தபால் துறையில் புத்தகங்களுக்கென்று 'கியான் போஸ்ட்' வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. வரும் செலவும் திரும்பும் செலவும் என்னுடையது.

அன்புடன்.