வெள்ளைப்படுதலுக்கு மைக்ரோஸ்கோப் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள், அதில் என்ன தெரியும்?

கேட்டிருப்பவருக்கு 29 வயது. 2 மாதமாக வெள்ளைப்படுகிறது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரைக்கு நிற்கவில்லை. இப்போது டாக்டர் ஸ்வாப் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதிலேயே கேன்சரும் தெரிந்துவிடுமா, 7 வயது மகளுக்கும் கீழே அரிப்பு இருக்கிறதே, அவளுக்கும் எடுக்கணுமா என்கிறார்.

நான் லேப் டெக்னீசியன். 11 வருடமாக இந்த ஸ்லைடுகளைப் பார்க்கிறேன். "உடம்புச் சூடு", "எலும்பு உருகி வருது" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் வருவார்கள். நாங்கள் தேடுவது பெரும்பாலும் மூன்று சங்கதி: பூஞ்சை, உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்த நிலை, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. பூஞ்சை மருந்து மற்ற இரண்டையும் தொடாது. உங்கள் மாத்திரை கேட்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வேலை எளிதுதான். ஸ்வாபில் வந்ததை ஒரு சொட்டு சலைனில் கலக்கி, கவர் ஸ்லிப் மூடி, உடனே பார்க்க வேண்டும். டிரைக்கோமோனாஸ் இருந்தால் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு துடிக்கிற மாதிரி வெட்டி வெட்டி நகரும். 1836-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே என்ற டாக்டர் முதன்முதலில் கண்டதும் இப்படி உயிரோடு நகர்ந்ததைத்தான். பாக்டீரியா பிரச்சினை என்றால் தோல் செல்களின் ஓரம் தெளிவாக இருக்காது, ரவையில் புரட்டிய கட்லெட் போல மேலெல்லாம் பொடியாக ஒட்டியிருக்கும். இன்னொரு சொட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் கருவாட்டு வாடை குப்பென்று வரும், மூக்கும் எங்களுக்கு ஒரு கருவி! அதே மருந்து செல்களைக் கரைத்துவிடுவதால், பூஞ்சை இருந்தால் முளைகட்டிய பயறும் நூலுமாகப் பளிச்சென்று தெரியும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்வாப் எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் லேபுக்கு வரும். அதற்குள் ஒட்டுண்ணி அசைவை நிறுத்தியிருக்கும். அசையாத டிரைக்கோமோனாஸைச் சீழ் செல்லிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். நானே "இல்லை" என்று எழுதிக் கொடுத்த ஒரு பெண், 3 வாரம் கழித்து அதே தொல்லையோடு வந்தார். அந்த முறை பக்கத்திலேயே நின்று வாங்கிப் பார்த்தேன், ஃபீல்டு முழுக்கத் துடிப்பு. அதனால் லேப் இருக்கும் இடத்திலேயே ஸ்வாப் கொடுங்கள். முந்தின 2 நாள் உள்ளே க்ரீம், வாஷ் எதுவும் வேண்டாம். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் தொல்லை தொடர்ந்தால் திரும்பப் போங்கள், பாதிக்குப் பாதி டிரைக்கோமோனாஸ் இந்த டெஸ்டில் தப்பிவிடும். இருந்தால் கணவருக்கும் சேர்த்து மருந்து, இல்லாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

சரி, கேன்சர். இதில் தெரியாது. அதற்குப் பாப் ஸ்மியர், பாபனிகொலாவ் என்ற டாக்டர் 1943-இல் புத்தகமாக எழுதி ஊரறியச் செய்த முறை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி ஸ்லைடில் தேய்த்த கையோடு ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். முந்தினதில் உயிரோடு பார்க்கணும், இதில் காய்வதற்குள் செல்கள் உருக்குலையாமல் ஆல்கஹாலில் நிறுத்தணும். லேப் வசதி இல்லாத ஊரில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, சந்தேகமான இடம் வெள்ளையாகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நர்சுகளைப் பழக்கி அப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35% குறைந்தது. உங்கள் டாக்டரிடம் இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்கு உங்கள் டெஸ்டை அப்படியே எடுக்க மாட்டார்கள். வயதுக்கு வராத பிள்ளைக்குப் பூஞ்சை அபூர்வம். சோப்பு, இறுக்கமான ஜட்டி, சரியாகக் கழுவாதது, இல்லையென்றால் கீரிப்பூச்சி, இவைதான் அதிகம். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா? அப்படியென்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், காலையில் எழுந்ததும், கழுவுவதற்கு முன், ஆசனவாயில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் ஒட்டிக் கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் தட்டையான முட்டைகள் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ரத்தமோ, நாற்றமோ, அவள் யாரையாவது கண்டு ஒதுங்குவதோ இருந்தால் மட்டும் டேப்போடு நிற்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.