அடிபட்ட நாயைக் கொண்டுபோய் மறுபடி அதே தெருவில் விடுவதற்கு எதற்கு ஒரு மீட்பு அமைப்பு?

"போன் போட்டால் மூன்று மணி நேரம் கழித்து வருகிறார்கள். கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு அதே தெருவில் இறக்கிவிடுகிறார்கள். இதற்கா நன்கொடை கேட்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னை மாதிரி ஒரு ஊரில் இருக்கிறீர்கள், தெருவில் பத்துப் பதினைந்து நாய்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நாய்க்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று கீழே எழுதப்போகிறவர்கள், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் அந்த 'அதே தெரு' விஷயம். காப்பகத்துக்குள் போன நாய் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ, அதற்கு அவ்வளவு நல்லது. கால் உடைந்து வந்த நாய் பக்கத்துக் கூண்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் வாங்கிக்கொண்டு செத்துப்போவது எல்லாக் காப்பகங்களிலும் நடக்கக்கூடியது. தும்மினாலே பரவும் நோய் அது. குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் இன்னும் மோசம், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் வரும், பார்வோ சாகாது. மலத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நூறு நாய்க்கான இடத்தில் முந்நூறு நாயை அடைத்தால் இதையெல்லாம் யார் செய்வது? "எல்லாத்தையும் பிடிச்சு உள்ளே போடுங்க" என்பவர்கள் ஒரு தடவை பார்வோ வார்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த விதிகளும், கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றமும், வெறிபிடித்த, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் அது பொருந்தாது, அங்கே பிடித்ததைத் திரும்ப விடக் கூடாது என்றது. உங்கள் தெரு அதில் வராது.

கொன்றால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு: சென்னை மாநகராட்சி 1996 வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நாய் தீரவில்லை. குப்பைத்தொட்டியும் பிரியாணிக் கடைக் கழிவும் அப்படியே இருந்தால், காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும், மிஞ்சிய நாய்களின் குட்டிகள் முன்பைவிட அதிகமாகப் பிழைக்கும். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற சென்னைப் பிராணி நல அமைப்பு 1964லிருந்தே கருத்தடையைத்தான் வற்புறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இனி கருத்தடை ஏன் பல ஊர்களில் பலிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். இதைக் குறை சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கணக்கு சாதாரணம். ஒரு பகுதியில் 40 நாய் இருந்தால் குறைந்தது 28க்கு, அதாவது 70 சதவீதத்துக்கு, ஆறே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். பெட்டை வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும். இந்த மாதம் இரண்டு, தீபாவளிக்கு அப்புறம் மூன்று என்று பிடித்தால் குட்டிகள் முந்திக்கொள்ளும். தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் இன்னொரு தவறும் நடக்கும். ஆண் நாய்க்கு ஆபரேஷன் சுலபம், புண்ணும் சீக்கிரம் ஆறும். அதனால் எண்ணிக்கைக்காக ஆண்களாகப் பிடிப்பார்கள். தெருவில் ஒரே ஒரு ஆண் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டைகளுக்கும் அது போதும். பத்து ஆண்களைவிட மூன்று பெட்டைகளைப் பிடிப்பதுதான் வேலை.

பிடிப்பதும் லேசில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால்தான் உண்டு. வண்டிச் சத்தம் பழகிய நாய் வலையைப் பார்ப்பதற்கு முன்பே ஓடிவிடும். தினம் சோறு வைக்கிறவர் கூட நின்று கயிறு போட்டுக் கொடுத்தால் வலையே தேவையில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் பால் கொடுக்கிற தாயையும் தொடக் கூடாது. பிடித்த உடனே பிடித்த இடத்தை எழுதிக் கழுத்தில் பட்டை கட்ட வேண்டும். அந்தப் பட்டை மாறிப்போனால் நாய் வேறு தெருவில் இறங்கும், அங்கே உள்ள கூட்டம் அதைக் கடித்துக் குதறும், பழைய இடத்தைத் தேடிப் போகிற வழியில் லாரியில் அடிபடும். இரவு பட்டினி, காலையில் மயக்க ஊசி, ஆபரேஷன். மயக்கத்திலேயே அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு. பிறகு நாலைந்து நாள் ஈரமில்லாத தரையில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே இறக்கிவிட்டால் நக்கி நக்கித் தையல் பிரிந்துவிடும். காதில் வெட்டு இருப்பதால் இந்த வருஷ ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று என்று நினைக்காதீர்கள். அதை வருஷா வருஷம் போட வேண்டும்.

அடுத்து அந்த மூன்று மணி நேரம். ஒரு வண்டி, ஒரு டிரைவர், பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள், ஊர் முழுக்க அழைப்பு. அதில் பாதி ஆம்புலன்ஸ் தேவையில்லாதவை. புழு வைத்த புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ முட்டையிட்ட ஒரு நாளில் புழு வந்துவிடும், பெரும்பாலும் நாயின் நாக்கு எட்டாத இடத்தில்: தலை உச்சி, காதுக்குப் பின்னால், கழுத்து. கால்நடை மருந்துக் கடையில் டோபிக்யூர் மாதிரி ஸ்பிரே கிடைக்கும். கண்ணில் படாமல் அடித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் எடுத்துவிட்டு, பொவிடோன் அயோடினை லேசான டீ நிறத்துக்கு நீர்க்கவிட்டுக் கழுவ வேண்டும். உள்ளே ஒளிந்தது மறுநாள் வரும் என்பதால் மூன்று நாள் விடாமல் செய்யுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபினாயில் எதுவும் வேண்டாம். சதை வெந்துபோகும், விஷமும் உடம்பில் ஏறும். குழி ஆழமாக இருந்தால், கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், அப்போது கூப்பிடுங்கள்.

வண்டி மோதியதென்றால் முதுகெலும்பு போயிருக்கலாம். காலைப் பிடித்து இழுக்காமல் பலகையிலோ, இரண்டு பேர் நாலு முனை பிடித்த பெட்ஷீட்டிலோ நகர்த்துங்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் துணிப் பட்டையால் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், அது நுரையீரலுக்குத்தான் போகும்.

இன்னொன்று. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, முழுங்க முடியாமல் நிற்கிற நாயைப் பார்த்து "எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வாயில் கையை விடுகிறார்கள். அது ரேபிஸாக இருக்கலாம். தொடாமல் தூரத்தில் நின்று சொல்லியனுப்புங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடுகிற ஊசி என்றால் அன்றைக்கு, பிறகு 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்த கடிக்கு, காயத்தைச் சுற்றிப் போடுகிற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மீட்பு அமைப்புகளின் கூண்டுகளை அடைத்துக்கொண்டிருப்பது தெருநாய் மட்டுமல்ல. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, ஃபிளாட்டில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று வாசலில் கட்டிவிட்டுப் போன லாப்ரடார்களும்தான். சைபீரியப் பனிக்கான ஹஸ்கியைச் சென்னை மே மாத வெயிலில் வாங்கியது யார்? தெருநாயைத் திரும்ப விடலாம். சோஃபாவில் வளர்ந்ததை எந்தத் தெருவில் விடுவது? 'தத்துக் கொடுத்துவிடுங்கள்' என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அடுத்த மாதம் 'அமைப்புகள் எல்லாம் ஏமாற்று' என்றும் எழுதுகிறார்கள்.

கூப்பிடும்போது கூகுள் மேப் இடக்குறி, பத்து விநாடி வீடியோ, நாய் எழுந்து நிற்கிறதா இல்லையா, இந்த மூன்றையும் அனுப்புங்கள். வண்டி வரும்வரை யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் நாய் இழுத்துக்கொண்டு ஏதாவது சந்துக்குள் போய்விடும், வண்டி சும்மா திரும்பும்.

நன்கொடை கொடுப்பது உங்கள் இஷ்டம். பணத்தில் நம்பிக்கை இல்லையென்றால் பொருளாகக் கொடுங்கள். பிஸ்கட் பாக்கெட் வேண்டாம். பழைய பெட்ஷீட், அரிசி, கையுறை, சலைன் பாட்டில் கேட்பார்கள். பழைய பேப்பரும் மூட்டையாக வேண்டும், குட்டிகள் இருக்கிற கூண்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.