ஆற்றங்கரையில் பருவ மாற்றத்தைக் கவனிக்க எதிலிருந்து தொடங்குவது?

பிடித்தமான ஆற்றங்கரை ஒன்றில் பருவ மாற்றங்களைக் கவனிக்க விரும்புபவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. பறவைகளைவிட நீரிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். பறவை பறந்துவிடும், நீர் விட்டுச்சென்ற தடம் இருக்கும். நீர்மட்டம் இறங்கும்போது, காய்ந்த பாசி பாறையில் வெளிறிய கோடாகப் படிந்து, முன்பு நீர் எதுவரை நின்றது என்பதைக் காட்டும். நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால் (10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5), கோடை விடியலில், குறிப்பாகத் தேங்கிய மடுக்களில், மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய்திறந்து நிற்பதைக் காணலாம். நாணல் தண்டுகளில் முதுகு பிளந்த பழுப்புக் கூடுகள் ஒட்டியிருந்தால், நீரில் வளர்ந்த தும்பிக் குஞ்சுகள் மேலேறித் தோலுரித்துப் பறந்துவிட்டன என்று பொருள். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படமெடுத்து, தேதியையும் குறித்துவைத்தால்தான் அடுத்த ஆண்டின் முதல் பூ முந்தியதா பிந்தியதா என்று சொல்ல முடியும்.